துரைக்கு எரிச்சல் வந்தால் அது குற்றமா?

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வந்தது. அதில் 427ஆம் பிரிவு அத்துமீறல் பற்றியது. இன்னொருவரின் வசத்தில் இருக்கும் இடத்துக்குள் ஒரு குற்றம் செய்யும் நோக்கத்தோடு நுழைந்தால் அது குற்றம். அவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, எரிச்சலூட்டவோ நுழைந்தாலும் குற்றம். முறையாக உள்ளே வந்துவிட்டு, அதே நோக்கத்தோடு வெளியேறாமல் நின்றாலும் குற்றம்.

மிரட்டுறது விளங்குது. அவமதிக்கிறதும் விளங்குது. ஆனா எரிச்சலூட்டுறது? ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் ஒருவர் வந்து, "உங்கட சம்பளத்தை ஒழுங்காக் கணக்குப் பாருங்க, எல்லாரும் ஒண்டாச் சேருங்க" எண்டு சொன்னா துரைக்கு எரிச்சல் வராமல் இருக்குமா? அப்ப அவர் சொன்னது குற்றமா?

மலையகத் தொழிற்சங்கங்களின் வரலாற்றைப் பெரும்பாலும் தலைவர்களின் வரலாறாகத்தான் நாம் படிக்கிறோம். யார் எந்தச் சங்கத்தைத் தொடங்கினார், எப்போது பிரிந்தார், எந்தத் தேர்தலில் வென்றார் என்று. இந்தக் கட்டுரையில் நான் அதே வரலாற்றை வேறொரு இடத்தில் நின்று பார்க்க விரும்புகிறேன்: தோட்டத்து வாசலில். உள்ளே போகலாமா, யார் போகலாம், அதை யார் தீர்மானிப்பது?

வேலியே இல்லாத வயல், வேலிக்குள்ளே வீடு

எங்கட பக்கத்து ஆக்களுக்கு இது உடனே பிடிபடாது. சொறிக்கல்முனையில் இருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் வயல்தான். போடியாருடைய காணியாக இருந்தாலும் வரம்பில் யாரும் நடக்கலாம். வட்டைக்குள் வேலை செய்பவரோடு கதைக்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. வேலை முடிந்தால் அவர் தன்னுடைய ஊருக்கு, தன்னுடைய வீட்டுக்குப் போய்விடுவார். அங்கே யார் வருகிறார், என்ன கதைக்கிறார் என்பது போடியாரின் கையில் இல்லை. போடியார் முறையில் சுரண்டல் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுரண்டலுக்கு ஒரு வாசல் கதவு இருக்கவில்லை.

தோட்டம் அப்படியில்லை. வேலை செய்யும் மலையும், தூங்கும் லயமும், பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடமும், மருந்து கொடுக்கும் இடமும், போகிற ரோட்டும் ஒரே கம்பனியின் சொத்து. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் பிறந்து அதிலேயே சாகிற மனிதருக்கு, சட்டப்படி அந்தக் காம்பரா வீடு அல்ல. முதலாளி வேலையோடு சேர்த்துக் கொடுத்த ஓர் இடம்.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடிப்போன தொழிலாளியைச் சிறையில் போடலாம். அந்தத் தண்டனை 1920களின் தொடக்கம் வரைக்கும் நீடித்தது. கங்காணியிடம் பட்ட கடன், துண்டு முறை, பத்துச்சீட்டு எல்லாம் சேர்ந்து ஆளை உள்ளேயே கட்டி வைத்தன. உள்ளே இருந்தவர் வெளியே போனாலும் குற்றம், வெளியே இருந்தவர் உள்ளே வந்தாலும் குற்றம். இந்த இரண்டு பூட்டுக்கும் நடுவில்தான் மலையக மக்கள் மூன்று, நான்கு தலைமுறை வாழ்ந்தார்கள்.

துணி மூட்டையோடு ஒருவர்

கோ. நடேசய்யர் தஞ்சாவூர்க்காரர், பத்திரிகைக்காரர். இலங்கைக்கு வந்த ஆரம்ப காலத்தில் தோட்டங்களுக்குள் என்ன நடக்கிறது என்று நேரில் பார்க்க நினைத்தார். படித்த ஓர் இந்தியர் கோட்டும் தலைப்பாகையுமாகப் போய் நின்றால் துரை உள்ளே விடுவாரா? அதனால் புடவை வியாபாரி வேடத்தில், துணி மூட்டையைச் சுமந்துகொண்டு லயங்களுக்குள் போனார். அவருடைய வாழ்க்கையை எழுதிய சாரல் நாடன் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இதைச் சாகசக் கதையாக மட்டும் வாசித்தால் ஒரு முக்கியமான விஷயம் தப்பிவிடும். துணி விற்பவருக்கு வாசல் திறந்தது. தோட்டத்துக்குத் துணி வேணும், தொழிலாளியின் கையில் இருக்கிற கொஞ்சக் காசும் எங்காவது செலவாக வேணும். ஆக, வெளியாள் என்பதற்காக யாரையும் தடுக்கவில்லை. எந்த வெளியாள் என்ன கதைக்க வருகிறார் என்பதைப் பார்த்துத்தான் தடுத்தார்கள். வியாபாரிக்கு அனுமதி, தகவலுக்கு அனுமதி இல்லை.

பிறகு நடேசய்யர் உள்ளே போக வேறு வழிகளைத் தேடினார். 1920களில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' என்ற பத்திரிகைகளை நடத்தினார். ஆளை வாசலில் மறித்தாலும், மடித்த தாளை மறிப்பது கஷ்டம். வாசிக்கத் தெரிந்த ஒருவர் லயத்தில் இருந்தால் போதும், மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். சட்டசபையிலும் இடம் பிடித்தார். இந்தியத் தொழிலாளருக்கான 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்த காலத்தில் அவர் சபைக்குள் இருந்தார். 1931இல் ஹட்டனை மையமாக வைத்து அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார்.

அவருடைய மனைவி மீனாட்சி அம்மையைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை வேணும். கூட்டங்களில் அவர் பாடினார், பாட்டுகளைச் சிறு புத்தகமாகவும் அச்சிட்டார். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பான்மையானோர் பெண்கள். அந்தக் காலத்தில் அவர்களில் அநேகம் பேருக்கு எழுத்து தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை பத்திரிகை பாதிதான் உள்ளே போகும், பாட்டு முழுதாகப் போய்விடும். தெருவில் கேட்ட மெட்டை மலையில் முணுமுணுக்கிறவளை எந்த வேலியாலும் தடுக்க முடியாது.

உள்ளே இருந்தவரையே வெளியே தள்ளியபோது

மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் வெள்ளைக்கார இளைஞர். அவுஸ்திரேலியாவில் இருந்து 1936இல் இலங்கைக்கு வந்து, மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் துரை வேலை பழகினார். வாசல் அவருக்குத் தானாகவே திறந்தது, தோல் நிறம் அப்படி. ஆனால் தொழிலாளர் பக்கம் அவர் சாய்வது தெரிந்ததும் வேலை போனது. அவர் லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார்.

1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் ஒரு பெரிய கூட்டம் நடந்தது. இந்தியாவில் இருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாயும் மேடையில் இருந்தார். கூட்டம் நடந்தது பட்டணத்தில், தோட்டத்துக்குள் இல்லை. தோட்டத்துக்குள் நடத்த முடியாது என்பதால்தான் அந்தக் காலத்துச் சங்கக் கூட்டங்கள் பட்டணத்துத் திடல்களில் நடந்தன. தொழிலாளி மைல்கணக்கில் மலை இறங்கி வர வேண்டும், இருட்டுமுன் திரும்பி ஏற வேண்டும். துரைமாரைக் கடுமையாகத் தாக்கி பிரேஸ்கேர்டில் அந்த மேடையில் பேசினார். ஒரு வெள்ளைக்காரனே இப்படிப் பேசுவதைத் துரைமாரால் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 22ஆம் திகதி ஆளுநர் ஸ்டப்ஸின் உத்தரவு வந்தது: 48 மணித்தியாலத்துக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். பிரேஸ்கேர்டில் தலைமறைவானார். மே 5ஆம் திகதி காலிமுகத்திடல் கூட்டத்தில் திடீரென்று மேடையேறினார். பிறகு கைது, ஆட்கொணர்வு மனு. எச். வி. பெரேரா அவருக்காக வாதாடினார். பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸ் உள்ளிட்ட நீதியரசர்கள், ஆளுநரின் உத்தரவு சட்டப்படி செல்லாது என்று மே 18ஆம் திகதி தீர்ப்புச் சொன்னார்கள்.

இதைப் பேச்சுச் சுதந்திரத்துக்கான வழக்காகத்தான் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. எனக்கு இதில் இன்னொன்றும் தெரிகிறது. பிடிக்காத ஆளை "என் இடத்தை விட்டுப் போ" என்று சொல்லிப் பழகிய துரைமாரின் மனநிலையை ஆளுநர் முழு நாட்டுக்கும் நீட்டிப் பார்த்தார். இலங்கை ஒன்றும் ஒரு தோட்டம் அல்ல என்று நீதிமன்றம் சொன்னது. தோட்டத்துக்குள் மட்டும் நிலைமை பழையபடியே இருந்தது.

முல்லோயாவில் சுடப்பட்டவர்

1935இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. சங்கம் வைக்கலாம், பதிவு செய்யலாம், எல்லாம் தாளில் சரி. ஆனால் சங்கத்தின் ஆள் லயத்துக்கு வர முடியாவிட்டால் அந்தச் சட்டத்தை வைத்து என்ன செய்வது?

1939 கடைசியிலும் 1940 தொடக்கத்திலும் மலைநாடு முழுக்க வேலைநிறுத்தங்கள் பரவின. கண்டி மாவட்டம் ஹேவாஹெட்டைப் பக்கத்தில் உள்ள முல்லோயா தோட்டத்தில் சமசமாஜிகளின் சங்கம் இயங்கியது. 1940 ஜனவரி 10ஆம் திகதி அங்கே பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அது அரசாங்க சபையையே உலுக்கிய விவகாரமானது. விசாரணை ஆணைக்குழு வந்தது, கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளர் பக்கம் ஆஜரானார். சங்கங்களோடு உட்கார்ந்து பேசுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலைக்குத் துரைமார் அந்த வருடம்தான் வந்தார்கள்.

அந்தச் சங்கத்தைத் தொடங்கிய தலைவர்கள் அதன் பலனை அறுவடை செய்யவில்லை. 1940 ஜூனில் என். எம். பெரேரா, கொல்வின் போன்றோரைப் பிரித்தானிய அரசு சிறையில் அடைத்தது. இடதுசாரிகள் இல்லாத வெளியில் இலங்கை இந்தியக் காங்கிரசின் தொழிற்சங்கம் வேகமாக வளர்ந்தது. அதுதான் பின்னர் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ். அதன் பெருந்தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் தானே ஒரு தோட்டச் சொந்தக்காரர். வாசலின் இரண்டு பக்கத்தையும் தெரிந்த மனிதர்.

சங்கங்கள் கண்டுபிடித்த நல்ல வழி எது என்று கேட்டால், நான் 'தோட்டத் தலைவர்' என்ற பதவியைச் சொல்வேன். வெளியில் இருந்து ஆள் வந்தால்தானே அத்துமீறல்? லயத்துக்குள் வாழும் தொழிலாளி ஒருவரே சங்கத்தின் ஆளாக இருந்தால் யார் எங்கே அத்துமீறுவது? பிரட்டுக்களத்தில் காலையில் பெயர் கொடுக்கும் அதே மனிதர் பின்னேரம் சங்கக் கணக்கும் பார்ப்பார். ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. வெளியாளை விரட்டத்தான் முடியும், தோட்டத் தலைவரைப் பட்டினி போடலாம். வேலையை நிறுத்தினால் காம்பராவும் போகும்.

"என் வீட்டில்தான் நான் இருக்கிறேன்"

427ஆம் பிரிவுக்கும் மலையகத்துக்கும் நடந்த பெரிய மோதல் 1946இல் வந்தது. கேகாலை மாவட்டத்தில் நேவ்ஸ்மயர் என்ற தோட்டத்தை, நிலமில்லாத கிராமத்தவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்க அரசாங்கம் எடுத்தது. நோக்கம் கெட்டது என்று சொல்ல முடியாது, நிலமற்ற கிராமத்தவரும் ஏழைகள்தான். ஆனால் அந்தத் தோட்டத்தில் தலைமுறையாக வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு "போங்கள்" என்று ஒரு அறிவித்தல் மட்டும்தான் கிடைத்தது. அவர்கள் போகவில்லை. ஜூன் மாதம் அவர்களுக்கு ஆதரவாக மற்றத் தோட்டங்களும் வேலைநிறுத்தம் செய்தன. போகாதவர்கள் மீது அத்துமீறல் வழக்குப் போடப்பட்டது.

நினைத்துப் பாருங்க. பிறந்த காம்பராவில் படுத்திருக்கிற ஆள் மேல, அத்துமீறி இருக்கிறார் எண்டு வழக்கு.

செல்வநாயகம் என்ற தொழிலாளியின் பெயரில் அந்த வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. 1950இல் தீர்ப்பு வந்தது. அதன் சாரம் இதுதான்: ஒருவர் ஓர் இடத்தில் இருப்பதால் சொந்தக்காரருக்கு எரிச்சல் வரும் என்பது முன்பே தெரிந்திருந்தாலும், அதனால் மட்டும் அது குற்றமாகாது. எரிச்சலூட்டுவதுதான் அவருடைய முதன்மை நோக்கம் என்று காட்ட வேண்டும். இருக்க உரிமை இருக்கிறது என்று அவர் உண்மையாக நம்பினால், அந்த நம்பிக்கை சட்டப்படி பிழையாகவே இருந்தாலும், அவர் குற்றவாளி அல்ல. இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இதே சொற்கள் இருந்ததால் இந்திய நீதிமன்றங்களும் பிறகு இந்தத் தீர்ப்பை எடுத்தாண்டன. லயத்தை விட்டுப் போக மறுத்த ஒரு தோட்டத் தொழிலாளியின் வழக்கு, ஒரு துணைக்கண்டத்துக்கே சட்டமாகியது.

இந்தத் தீர்ப்பு லயத்தைத் தொழிலாளிக்குச் சொந்தமாக்கவில்லை. போகச் சொல்லிச் சிவில் வழக்குப் போட முதலாளிக்கு உரிமை இருந்தது. ஆனாலும் துரையின் எரிச்சலை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்பது பெரிய விஷயம்.

இதில் கசப்பான பகுதி காலம்தான். நேவ்ஸ்மயர் போராட்டத்துக்கும் இந்தத் தீர்ப்புக்கும் நடுவில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்துவிட்டது. காம்பராவில் இருப்பது குற்றமில்லை என்று லண்டன் சொன்ன நேரத்தில், நாட்டில் இருப்பதற்கே உரிமை இல்லை என்று கொழும்பு சொல்லிவிட்டது. ஒரு காம்பராவில் இருந்து அனுப்புவது நின்றது, ஒரு நாட்டில் இருந்து அனுப்புவது தொடங்கியது.

கலிபோர்னியாவில் ஒரு தோட்டம்

இது இலங்கையின் தேயிலைக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல. தொழிலாளி முதலாளியின் நிலத்திலேயே நாள் முழுக்க இருக்கிற எல்லா இடத்திலும் இதே கேள்வி வருகிறது. அமெரிக்காவில் சேசர் சாவேஸின் பண்ணைத் தொழிலாளர் போராட்டங்களுக்குப் பிறகு, 1975இல் கலிபோர்னியா மாநிலம் ஒரு விதி கொண்டுவந்தது. சங்க அமைப்பாளர்கள் பண்ணைக்குள் ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம், அதாவது வேலைக்கு முன் ஒன்று, பின் ஒன்று, சாப்பாட்டு நேரம் ஒன்று, வருடத்தில் 120 நாள் வரைக்கும் வந்து தொழிலாளரோடு கதைக்கலாம். ஊர் ஊராக மாறிப் போகிற பருவகாலத் தொழிலாளரை வேறெங்கே பிடிப்பது?

சீடர் பொயின்ற் என்ற ஸ்ரோபெரி நாற்றுப் பண்ணை இதை எதிர்த்து வழக்குப் போட்டது. 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் பண்ணைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. வெளியாளை உள்ளே விடச் சொல்வது, நட்டஈடு இல்லாமல் அரசு சொத்தை எடுப்பதற்குச் சமம் என்பது அதன் வாதம். 46 வருடம் இருந்த விதி அதோடு போனது.

ஆனால் அதே நாட்டில் 1971இல் நியூ ஜேர்சி மாநில உச்ச நீதிமன்றம் நேர்மாறாகச் சொல்லியிருந்தது. பண்ணையில் தங்கியிருந்த தொழிலாளர்களைப் பார்க்கப் போன ஒரு சட்டத்தரணியையும் ஒரு சுகாதாரப் பணியாளரையும் அத்துமீறியவர்கள் என்று தண்டிக்க அந்த நீதிமன்றம் மறுத்தது. நிலத்தின் சொந்தக்காரன் என்பதால் அந்த நிலத்தில் வாழும் மனிதர்களின் கதியைத் தீர்மானிக்கும் அதிகாரம் வந்துவிடாது என்பது அதன் நிலைப்பாடு. நேவ்ஸ்மயர் லயத்தில் இருந்தவர்களுக்கு இது நன்றாக விளங்கியிருக்கும்.

இப்ப வாசல் எங்க இருக்கு?

1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. தேயிலை மலைக்குப் பதில் தையல் மெஷின், ஆனால் வாசல் அதேதான், இன்னும் உயரமாக. வலயத்துக்குள் போகப் பாஸ் வேணும், வெளியில் இருந்து வரும் சங்க ஆள் நினைத்தவுடன் உள்ளே போக முடியாது. ஒரேயொரு வித்தியாசம், இங்கே தொழிலாளிகள் வெளியே போர்டிங் அறைகளில் தங்கினார்கள். 1984இல் தொடங்கிய 'தாபிந்து' குழு தன் பத்திரிகையைப் பெண் தொழிலாளரிடம் கொண்டுபோனது அந்த வெளியில்தான். தாபிந்து என்றால் வியர்வைத் துளி. நடேசய்யர் பத்திரிகையை நம்பிய அதே காரணம்தான்: ஆளை மறித்தால் தாள் போகட்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது? தொழிலாளர் பிரதிநிதிகள் பற்றிய சர்வதேச தொழில் அமைப்பின் 135ஆம் சமவாயத்தை இலங்கை 1976இல் ஏற்றுக்கொண்டது. அதோடு வந்த 143ஆம் பரிந்துரை, ஒரு நிறுவனத்தில் அங்கத்தவர் உள்ள சங்கத்தின் வெளிப் பிரதிநிதிகளையும் உள்ளே விட வேண்டும் என்று சொல்கிறது. ஆனால் அது பரிந்துரை மட்டும்தான், கட்டாயம் இல்லை. 1999இல் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தில் 56ஆம் இலக்கத் திருத்தம் வந்தது. தொழிலாளரில் 40 வீதம் பேர் அங்கத்தவராக இருந்தால், அந்தச் சங்கத்தோடு பேச மறுப்பது முதலாளியின் குற்றம்.

நல்ல சட்டம்தான். ஆனால் கணக்கைப் பாருங்க. ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் 400 பேரைச் சேர்க்க வேணும். 400 பேரைச் சேர்க்க, 400 பேரோடு கதைக்க வேணும். கதைக்கிற இடம் முதலாளியின் கையில். அங்கத்தவர் இருந்தால் உள்ளே வரலாம் என்கிறது பரிந்துரை, உள்ளே வந்தால்தான் அங்கத்தவரே கிடைப்பார்கள்.

"வட்ஸ்அப் காலத்தில் வாசல் எல்லாம் ஒரு பிரச்சினையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு குறுஞ்செய்தி எந்தக் காவலாளியையும் தாண்டிப் போகும். ஆனால் வேலையை இழக்கக்கூடிய ஒரு காரியத்துக்கு, முகம் தெரியாத நம்பரை நம்பி எத்தனை பேர் பெயர் கொடுப்பார்கள்? முல்லோயாவிலும் நேவ்ஸ்மயரிலும் ஆட்களை ஒன்றாக நிறுத்தியது, பக்கத்துக் காம்பராக்காரரை முகத்தைப் பார்த்து நம்பியதுதான்.

எங்கட பக்கத்தில் இருந்தும் நிறையப் பிள்ளைகள் இப்ப தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். வட்டையில் வளர்ந்த நமக்கு வாசல் என்பது புதுப் பழக்கம். மலையக மக்களுக்கு அது 200 வருடப் பழக்கம். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போன பிறகும், லயத்தில் பெரும்பாலான குடும்பங்களுக்குக் காணி உறுதி இல்லை. 7 பேர்ச் காணி என்ற வாக்குறுதி தேர்தலுக்குத் தேர்தல் வருகிறது, போகிறது. சம்பளக் கோரிக்கை செய்தியாகிற அளவுக்குக் காணிக் கோரிக்கை செய்தியாவதில்லை. ஆனால் இந்த வரலாற்றைப் படித்த பிறகு எனக்கு இரண்டும் ஒரே கோரிக்கையாகத்தான் தெரிகிறது. காணி உறுதி கையில் உள்ள தொழிலாளியின் வீட்டுத் திண்ணையில் யார் உட்கார்ந்து என்ன கதைத்தாலும், அவர் அந்தத் தொழிலாளியின் விருந்தாளி. அவரைப் போகச் சொல்லும் உரிமை அந்த வீட்டுக்காரருக்கு மட்டும்தான் இருக்கும்.